காலருக்கு அடியில் ஒரு ஊசி

அந்தத் தெருவில் அவர்களை ஏணி, முக்காலி என்றுதான் சொல்வார்கள். ஏணி, அவள். முக்காலி, அவளுடைய வீட்டுக்காரன், தையல்காரன். இருவரும் சேர்ந்து நடந்தால் அவன் தலை அவள் தோளோடு நின்றுவிடும். பெயர் வைத்த புண்ணியவான் பக்கத்துக் கடைச் சாவிக்காரர். முதல் தடவை அதைக் கேட்டபோது தையல்காரனுக்கு முகம் சுண்டிப்போனது. அவள் நின்றாள், கணவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "முக்காலிதான் அண்ணே எந்தத் தரையிலயும் ஆடாம நிக்கும். உங்க நாற்காலியைப் போட்டுப் பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் அவனை உறுத்தவில்லை.

அவள் பெரிய மருத்துவமனையில் வார்டு உதவியாளர். ஒப்பந்த வேலை, இன்று இருக்கும், நாளை இருக்குமா என்பது மேலிடத்துக்கே தெரியாது. ஒரு நாள் அவள் மறந்துவைத்த சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தையல்காரன் போனான். வார்டு வாசலில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே அவள் ஒரு கனத்த கிழவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"கையை என் கழுத்துல போட்டுக்கங்க ஐயா. பயப்படாதீங்க, உங்களை விட்டா நானும் சேர்ந்துதான் விழணும்."

கிழவர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் நாற்காலியில் இருந்தார். தையல்காரன் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிடாமலே திரும்பினான். அன்று முழுக்க அவனுக்கு ஒரு பொத்தான்கூட நேராக வைக்க வரவில்லை. வீட்டில் தன்னோடு தட்டுக் கழுவும் கைகள், வேறொரு இடத்தில் வேறு யாருடைய கைகளாகவோ இருந்தன.

அந்த வார்டுக்குத்தான் ஒருமுறை சிறையிலிருந்து ஒரு கைதிப் பெண்ணைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். கைதியின் ஒரு கையும் காவலுக்கு வந்த பெண்ணின் ஒரு கையும் ஒரே விலங்கில். காவல் பெண் மிச்சமிருந்த கையால் மாத்திரையைப் பிரித்தாள், தண்ணீர் புகட்டினாள், வாயைத் துடைத்தாள். கைதி கண் அயர்ந்ததும், சங்கிலி கட்டில் கம்பியில் பட்டுச் சத்தம் போடாமலிருக்க அதைத் தன் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த ஏணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "என்னங்க, அந்த வேலை எனக்கு வரும்."

"எந்த வேலை?"

"அந்தச் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ற வேலை."

சிறைக் காவலர் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பாக இருந்தது. அந்த ஆண்டை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை.

எழுத்துத் தேர்வு வந்தது. மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்து அதைத் தாண்டினாள். அடுத்து உடல் தேர்வு. ஓட வேண்டும், சுவர் ஏற வேண்டும், கடைசியில் ஆள் எடையுள்ள ஒரு பொம்மையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போக வேண்டும். புகை சூழ்ந்த அறையிலிருந்து மயங்கிய ஆளை வெளியே கொண்டுவருவதற்கு அது பயிற்சியாம். பொம்மைக்கு எங்கே போவது?

"நீங்க இருக்கீங்களே" என்றாள்.

அப்படித்தான் தையல்காரன் பல காலைகளில் மொட்டை மாடியில் பொம்மையானான். அவன் எடை போதவில்லை என்று அவன் வயிற்றின் மேல் கால்சட்டைத் துணிச் சுருள்களைக் கட்டிவைத்தாள். பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து அவனை இழுப்பாள். கைகால் தொங்க, பேசாமல் கிடக்க வேண்டும் என்பது கட்டளை. அவன் மல்லாந்து கிடந்தபடி வானத்தைப் பார்ப்பான். மேகம் நகர்கிறதா, தான் நகர்கிறோமா என்று பிடிபடாத ஒரு கணம் வரும். அவளுடைய மூச்சு மட்டும் தலைமாட்டில் சீராகக் கேட்கும். இப்படி ஒருவரை நம்பி உடம்பை மொத்தமாகக் கொடுத்துவிட முடியும் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

எட்டிப் பார்த்த சாவிக்காரர், "என்னடா முக்காலி, உயிரோடதான் இருக்கியா, இல்ல ஆளைக் கூப்பிடணுமா?" என்றார்.

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கா அண்ணே."

"பேசிட்டீங்க. மறுபடி முதல்ல இருந்து" என்று அவள் அவனை ஆரம்பித்த இடத்துக்கே இழுத்துப் போனாள்.

பொம்மை இழுக்கும் தேர்விலும் தேறினாள். மனநலத் தேர்வும் முடிந்தது. ஒரே கேள்வி வேறு வேறு சட்டை மாட்டிக்கொண்டு வரும் தேர்வு அது. இனி இரண்டே படி: நன்னடத்தை விசாரணை, நேர்காணல்.

இங்கேதான் தையல்காரன் காரியத்தைக் கெடுத்தான்.

அவள் மேல் ஒரு பழைய கறை இருந்தது. வார்டில் குடித்துவிட்டு வந்த ஒருவன் நர்ஸை அடிக்கக் கை ஓங்கினான். இவள் குறுக்கே போய்த் தள்ளினாள். தேவைக்கு மேலேயே தள்ளிவிட்டாள். அவன் மணிக்கட்டு முறிந்தது. சில வாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இது விசாரணை அதிகாரி காதுக்குப் போனால் எல்லாம் போச்சு என்று தையல்காரன் நினைத்தான். விசாரணைக்கு வருகிறவர் அக்கம்பக்கத்தில்தான் கேட்பார் என்று கேள்விப்பட்டிருந்தான். அவளிடம் சொல்லாமல் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறினான். "கோபமே வராதுன்னு சொல்லிடுங்க. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டாங்கன்னு சொல்லிடுங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். தொழில் புத்தி கைகொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஆளுக்கு ஒரு அளவெடுத்துத் தைப்பவன், அன்றைக்கு அத்தனை பேருக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுத்துவிட்டான்.

விசாரணை அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான ஆள், அவசரமே இல்லாதவர். கட்டடம் முழுக்க ஏறி இறங்கிவிட்டுக் கடைசியாகத் தையல் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க கட்டடத்துல ஈயும் எறும்பும் ரொம்ப சுகமா இருக்கும் போல இருக்கே" என்றார்.

தையல்காரனுக்குப் புரியவில்லை. "சுத்தமாத்தான் சார் வெச்சிருக்கோம்" என்றான்.

அவர் சிரிக்கவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அன்று மாலை மென்று முழுங்கி அவளிடம் சொன்னான். அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மணிக்கட்டு விஷயத்தை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே நான் சொல்லிட்டேனே. அவர் கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன்."

"நீ எங்கிட்ட சொல்லலையே!"

"நீங்க ஊரெல்லாம் போறதை எங்கிட்ட சொன்னீங்களா?"

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்தாள்.

"சார், நான்தான். இன்னிக்கு எங்க கட்டடத்துல நீங்க கேட்டதெல்லாம் எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. எனக்கு இப்பதான் தெரியும். மறுபடி வந்து கேளுங்க சார். இந்த தடவை யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டாங்க."

மறுமுனையில் என்ன சொன்னாரோ, "சரி சார்" என்று வைத்தாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல் தம்ளரைக் கழுவப் போனாள். தையல்காரன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று கோபப்பட முயன்றான். வரவில்லை. மலையடிவாரத்தில் நிற்கிறவனுக்கு மலையின் மேல் என்ன கோபம் வரும்?

அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை கட்டடம் வாய் திறந்தது. தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு மறந்தால் வந்து சண்டை பிடிப்பாள் என்றார்கள் மாடி வீட்டில். அந்த வீட்டு மருமகளுக்கு வலி எடுத்தபோது நான்கு மாடி இறங்கித் தூக்கிப் போனவளும் அவள்தான் என்று சேர்த்துச் சொன்னார்கள். சாவிக்காரர் ஒருபடி மேலே போனார். "கோபமா? நான் திருட்டுச் சாவி செஞ்சு தர்றேன்னு ஒரு பய சொன்னதை நம்பி என்னை வந்து கேட்டா பாருங்க சார், என் கடையே நடுங்குச்சு. அப்புறம் அது பொய்னு தெரிஞ்சதும் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டா. அது அதைவிட பயமா இருந்துச்சு."

சில நாளில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கணவனையும் கூட்டி வரவும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சிறையில் கடைசி நேர்காணலைச் சிறைக்குள்ளேயே வைப்பது வழக்கம். வீட்டு ஆள் ஒருவரையும் சில சமயம் கூப்பிடுவார்கள். இந்த முறை எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று தையல்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பையை எல்லாம் காலி பண்ணுங்க" என்றாள் காலையில். "கூர்மையா ஒண்ணு உள்ள போகக் கூடாது. போனா அது குத்தம், உங்க மேல வழக்கே போடுவாங்க."

அளவு நாடா, சுண்ணக்கட்டி, நூல் வெட்டும் குட்டிக் கத்தரி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தான். பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். இருவரும் கிளம்பினார்கள்.

சிறையின் வெளிச்சுவர் அவன் நினைத்ததைவிட உயரம். வாசல் காவலர் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை அவன் காலிலிருந்து மேல்நோக்கி ஓட்டினார். அது இடுப்பில் கத்தியது. பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டான். காவலர் இடுப்பை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார். உள்ளே ஒரு கூண்டு போன்ற சிற்றறை. முன்னால் ஒரு கம்பிக் கதவு, பின்னால் ஒரு கம்பிக் கதவு. பின்கதவு பூட்டிய பிறகுதான் முன்கதவு திறக்கும். இரண்டும் ஒருசேரத் திறந்திருப்பது அங்கே கிடையாது. பின்கதவு சாத்திய சத்தம் அவன் முதுகெலும்பு வழியாக இறங்கியது. முன்கதவு இன்னும் திறக்கவில்லை. உலகத்தில் எந்தப் பக்கமும் இல்லாத ஒரு இடத்தில் அவன் நின்றான்.

தலையைக் குனித்துத் தரையைப் பார்த்தான். கழுத்தில் சுருக்கென்றது.

ஊசி.

நூல் கோத்த ஊசியைச் சட்டைக் காலரின் இடது மடிப்புக்கு அடியில் குத்திவைப்பது அவனுக்குப் பல வருடப் பழக்கம். அது ஒரு பொருள் என்பதே மறந்துபோய், உடம்பில் ஒரு மச்சம் போல ஆகியிருந்தது. பைகளைக் காலி செய்தவன் மச்சத்தைக் காலி செய்யவில்லை. வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அதற்குள் முன்கதவு நகர்ந்தது, அவள் நடந்தாள், அவன் பின்னால் போனான்.

நேர்காணல் அறையில் நீண்ட மேசை. நடுவில் கண்காணிப்பாளர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண். ஒரு பக்கம் விசாரணை அதிகாரி. இன்னொரு பக்கம், தோள் அகன்ற தலைமைக் காவலர்.

"ஈ எறும்பு அம்மா நீங்கதானா?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஆமா மேடம்."

"மணிக்கட்டை உடைச்சதும் நீங்கதான்."

"ஆமா மேடம். நிறுத்தினா போதும்னு இருந்தது. நான் அதுக்கு மேல தள்ளிட்டேன்."

கண்காணிப்பாளர் தையல்காரன் பக்கம் திரும்பினார். "உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடல. தன் வீட்டு ஆளுக்காகப் பொய் சொல்றவங்க தினமும் எங்க வாசல்ல வந்து நிக்கறாங்க. அவங்களை இந்த அம்மா எப்படி நடத்துவாங்கன்னு பார்க்கணும். அதுக்குத்தான்."

தலைமைக் காவலர் எழுந்தார். "இங்க கடைசித் தேர்வு, பார்வையாளரைச் சோதனை போடறது. வழக்கமா எங்க ஆள் ஒருத்தர் பார்வையாளரா நடிப்பார். ஆம்பளையை ஆம்பளையும் பொம்பளையை பொம்பளையும்தான் தொடணும்னு எங்க விதி. ஆனா இவர் உங்க வீட்டுக்காரர், ரெண்டு பேருக்கும் சம்மதம்னா இவரையே போடுங்க."

"சம்மதம் சார்" என்றாள். தையல்காரன் தலையாட்டினான். ஆட்டியது தலைதானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. காலருக்கு அடியில் ஊசி ஒரு பனை அளவுக்கு வளர்ந்திருந்தது.

அவள் அவன் எதிரில் வந்து நின்றாள். முகத்தில் கடுமையும் இல்லை, பழக்கமும் இல்லை.

"சார், உங்களைச் சோதனை போடப் போறேன். எங்க தொடறேன்னு தொடறதுக்கு முன்னாடி சொல்லுவேன். கூர்மையா ஏதாவது வெச்சிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்லை."

சார். எத்தனையோ வருடத்தில் அவள் வாயிலிருந்து அவனுக்கு அந்தச் சொல் வந்ததில்லை. சொல்லிவிடத்தான் நினைத்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஜோடிக் கண்கள், அவளுடைய கடைசி வாய்ப்பு, அவனுடைய காலர். பயம் முந்திக்கொண்டது.

"இல்ல" என்றான்.

அவள் கண்ணில் ஏதோ ஒன்று வந்து போனது. ஜன்னலைக் கடக்கும் பறவையின் நிழல் அளவுக்குத்தான். அவளுக்குத் தெரியும். அந்த ஊசி அவளை எத்தனை தடவை குத்தியிருக்கிறது! சட்டையை ஊறவைக்கும்போது விரல் குத்தி, 'உங்க ஊசியும் நீங்களும்' என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! காலரை மட்டும் விட்டுவிட்டால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. விட்டுவிடு, விட்டுவிடு என்று அவன் உள்ளுக்குள் கும்பிட்டான்.

"கையைப் பக்கவாட்டுல தூக்குங்க சார். காலர்ல இருந்து ஆரம்பிக்கறேன்."

விரல்கள் வலது காலர் மடிப்பில் நுழைந்து, பிடரி வழியாக வளைந்து, இடது பக்கம் வந்தன. அவசரமில்லை, அழுத்தமில்லை. நின்றன.

"சார், இங்க கூர்மையா ஒண்ணு இருக்கு. நீங்க அசையாதீங்க, குத்திடும். நானே எடுக்கறேன்."

எடுத்தாள். நீலநூல் வால்போல் தொங்கியது. மேசையில் வைத்தாள். அறையில் அந்தச் சின்ன உலோகத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதது போல் இருந்தது. தலைமைக் காவலர் முகம் இருண்டது. வாசல் காவலருக்கு இன்று வசமாகக் கிடைக்கும் என்பது தெரிந்தது.

"இல்லன்னு சொன்னீங்களே சார்" என்றாள், அதே குரலில்.

"மறந்துட்டேன்... உள்ள வந்தப்புறம்தான்..." என்றான்.

அவள் மேசையைப் பார்த்துத் திரும்பினாள். "மறந்துட்டேன்னு சொல்றார் மேடம். அது நிஜமான்னு எனக்குத் தெரியாது. ஊசி இருந்தது. அது தெரியும்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "இன்னும் முடியல சார். அடுத்து தோள், கை" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தோள், அக்குள், இடுப்பு, முழங்கால், செருப்பு. ஊசி கிடைத்துவிட்டதே என்று எதையும் குறைக்கவில்லை. ஊசி வைத்திருந்தானே என்று எதையும் கூட்டவுமில்லை. மொட்டை மாடியில் உடம்பை மொத்தமாகக் கொடுத்தது போலவே இப்போதும் கொடுத்தான். குற்றவாளியாக நிற்கும்போது ஒருவரின் கை இவ்வளவு மரியாதையாக இருக்க முடியுமா?

"நன்றி சார். கையைக் கீழ போட்டுக்கலாம்."

கண்காணிப்பாளர் ஊசியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க ஊசி இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"இருக்கலாம்னு தெரியும் மேடம்."

"விட்டுடலாம்னு தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"தோணினதோட சரி மேடம்."

விசாரணை அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. தையல்காரனிடம், "பெயர், முகவரி கொடுத்து எச்சரிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வழக்குதான்" என்றார். ஊசியைத் திருப்பித் தரவில்லை.

இரண்டு கதவுகளையும் கடந்து அவள் தெருவுக்கு வந்தாள். வெளிச்சுவர் நிழலில் நின்றாள். சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் பார்த்தான்: அவள் இரண்டு கைகளும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. காற்றில் சிக்கிய துணி போல. அவற்றைப் பிடித்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரச் சற்று நேரமானது. பிடித்துக்கொண்டான்.

"நீங்க இல்லன்னு சொன்னீங்க பாருங்க" என்றாள், "அங்கயே என் உயிர் போயிடுச்சு."

"பயத்துல வந்துடுச்சும்மா."

"தெரியும். நிஜமாவே மறந்துட்டீங்கன்னும் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அதை அங்க நான் சொல்லக் கூடாது இல்ல?"

இவ்வளவு பெரிய சுவர் தனக்குப் பின்னால் நிற்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவளைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க? நடங்க. இனிமே ஒரு சட்டைக்கும் உங்களுக்குக் காலர் கிடையாது."

முடிவு வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. அவள் தேர்வாகியிருந்தாள். சீருடைத் துணியைக் கொடுத்து, வெளியில் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தையல்காரன் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் அளவை நாடா இல்லாமலே சொல்லக்கூடியவன், இந்த முறை ஒவ்வொரு அளவையும் புதிதாக எடுத்தான். தோள் அளவு எடுக்க முக்காலியில் ஏறி நின்றான். சாவிக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வாய்வரை வந்த கிண்டலை என்ன காரணத்தாலோ விழுங்கிக்கொண்டு போனார்.

பயிற்சிக்குக் கிளம்பும் காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். போகிறேன் என்று சொல்வாள் என்று அவன் பார்த்தான். அவள் விரலைத் தன் காலர் மடிப்புக்குள் விட்டு, வலப்பக்கத்திலிருந்து பிடரி வழியாக இடப்பக்கம் வரை மெதுவாக ஓட்டினாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

"எனக்குத் தெரியும். நானும் பார்த்துட்டேன்."

"நீங்க பார்த்தீங்கன்னு சொல்றீங்க" என்றாள் அவள். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

தையல்காரன் தையல் இயந்திரத்திலிருந்து எழுந்தான். யாரும் கேட்காமலே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கையைக் கீழ போடுங்க" என்றாள், தெருவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. "ஆளுங்க பார்க்கறாங்க."